தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: மொரீஷியஸின் கடலோர ஊரான ஃபிளிக்-அன்-ஃபிளாக்கில் வீட்டு வாசலில் வைத்த பாட்டில் பனையின் (அடித்தண்டு பாட்டில் போலப் பருத்த பனை) அடி ஓலைகளில் ஆரஞ்சு புள்ளிகள் விழுந்து, நுனி கருகுகிறது. யூரியா போட்டும் அடி ஓலையை வெட்டியும் குறையவில்லை.

பதில்: இது நோயல்ல, பொட்டாசியம் பற்றாக்குறை. கடலோரப் பவழ மணலில் மழை பெய்யப் பெய்ய பொட்டாசியம் கரைந்து கீழே இறங்கிவிடும். புது ஓலைக்கு வேண்டிய பொட்டாசியத்தைப் பனை தன் மூத்த ஓலையிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அதை வெட்டினால் அடுத்த ஓலையில் கை வைக்கும். ஒரே சமயத்தில் ஐந்தாறு ஓலைதான் வைத்திருக்கும் மரம் இது. வெட்ட வெட்ட மொட்டையாகிவிடும். யூரியா இன்னும் கெடுதல்: தழைச்சத்து தளிரைத் தள்ளும், பொட்டாசியம் மேலும் இழுபடும்.

கத்தியை எடுத்து வையுங்கள். மெதுவாகக் கரையும் 8-2-12 பனை உரம் (தழைச்சத்து 8, மணிச்சத்து 2, பொட்டாசியம் 12 சதவீதம்), அதிலும் மெக்னீசியம் 4 சதவீதம் சேர்ந்தது, வாங்குங்கள். ஓலை நிழல் விழும் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 கிராம் வீதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூவுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். புள்ளி விழுந்த ஓலை மறுபடி பச்சையாகாது. புது ஓலைகள் எல்லாம் சுத்தமாக வர ஒரு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஓலை நடுவே பச்சை, ஓரம் மட்டும் அகலமாக மஞ்சள் என்றால் அது மெக்னீசியக் குறை.

தன் தாயகமான, மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவில் ஆடும் முயலும் கன்றுகளைத் தின்று தின்று அருகிப்போன மரம் இது. பொறுமையாகக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: நம் மொரீஷியஸின் தேசியப் பூவான பூக்ல் தொரெயை, மழை அதிகமுள்ள மேட்டு ஊரான க்யூர்பீப்பில் வளர்க்கலாமா? இரண்டு கன்று அழுகிவிட்டது.

பதில்: அது லெ மோர்ன் பாறையில் மட்டுமே இயற்கையாக வளர்கிற செடி; தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. உங்கள் ஊர் மழைக்குத் தொட்டியே நல்லது: பாதி எரிமலைக் கல் சல்லி, பாதி மக்கிய மண், கூரை விளிம்பில் வெயில் படும் இடம். மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். மலையிலிருந்து பிடுங்கவே கூடாது, நர்சரியில் கேளுங்கள். எங்கள் யோசனை: அதன் உறவுச் செடியான, இளஞ்சிவப்புப் பூவுள்ள மலைநாட்டு ட்ரோக்கெட்டியா ப்ளாக்பர்னியானாவை முதலில் வையுங்கள், உங்கள் ஈரம் அதற்குப் பழக்கம்.

கேள்வி: பாட்டில் பனை விதை முளைக்குமா?

பதில்: முளைக்கும். சதையை நீக்கி ஈர மணலில் போடுங்கள். நாலைந்து மாதம் ஆனாலும் தோண்டிப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டில் நடுவயிறு பருத்த ரோத்ரிக் பனை இருந்தால் இரண்டும் கலந்த கன்று வரலாம்.