மல் தீவில் ஒரு வாரம்: முதலில் ஃபெர்ரி, அப்புறம் வீடு

கேள்வி: பர்மிங்காமில் வசிக்கிறோம். ஆகஸ்டில் ஒரு வாரம் ஸ்காட்லாந்தின் மல் தீவில் தங்க, ஃபியன்ஃபோர்ட் பக்கம் கடலோரப் பாறைமேல் ஒரு காட்டேஜ் பார்த்திருக்கிறோம். நான், கணவர், 6, 10 வயதுப் பிள்ளைகள், 72 வயது மாமியார் என ஐந்து பேர். முன்பணம் கட்டலாமா?

பதில்: காருக்கு ஃபெர்ரியில் இடம் கிடைக்கும்வரை கட்டாதீர்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனிவரைதான் வாடகைக்கு வரும். ஆகவே ஒரே நாளில் எல்லாரும் கடல் கடக்கப் பார்ப்பார்கள். பெருநிலத் துறைமுகமான ஓபனிலிருந்து தீவிலுள்ள கிரேக்னூருக்கு கால்மாக் நிறுவனக் கப்பலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆள் ஏறுவது சுலபம், கோடையில் கார் ஏற்றுவதுதான் பாடு. பெருநிலத்தின் லாக்கலைனிலிருந்து தீவின் ஃபிஷ்னிஷ் போகும் சின்ன ஃபெர்ரிக்கு முன்பதிவே கிடையாது, வரிசையில் நின்றால் போதும். ஆனால் லாக்கலைனுக்குப் போய்ச் சேரும் சாலை நீளமானது, குறுகலானது. வாரநாளில் வந்து தங்க முடியுமா என்று உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். காலையில் பர்மிங்காமில் கிளம்பி மாலைக் கப்பலைப் பிடிக்கும் திட்டமும் வேண்டாம். முந்தின இரவு வழியில் தங்குங்கள்.

கிரேக்னூரிலிருந்து ஃபியன்ஃபோர்ட் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வரைபடத்தில் சின்னதாகத் தெரியும், ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பெரும்பகுதி ஒற்றை வண்டிச் சாலை, ஆங்காங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது வலப்பக்கம் இருந்தால் அங்கே பாயாமல், அதற்கு எதிரே இடப்பக்கமே நின்று எதிர்வண்டிக்கு வழி விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் அவரையும் முன்னே போகவிடுங்கள், வேலைக்குப் போகிறவர் அவர்.

தீவின் மருத்துவமனையும் கிரேக்னூரில்தான். அதனால் மாமியாரின் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும். மளிகையை ஓபனிலேயே வாங்கிவிடுங்கள். பக்கத்துச் சிறு கடையில் பாலும் ரொட்டியும் கிடைக்கும், கறிவேப்பிலையை எதிர்பார்க்காதீர்கள்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியதில் முதலாவது உரிம எண். 2025 ஜனவரி முதல் ஸ்காட்லாந்தில் இப்படிக் குறுகிய காலத்துக்கு விடும் வீடுகளுக்கு உரிமம் கட்டாயம். எத்தனை பேர் தங்கலாம் என்பதும் அதில் அடங்கும், பிள்ளைகளையும் சொல்லியே கேளுங்கள். அடுத்து, கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை படி? பாறை விளிம்பில் வேலி உண்டா? தண்ணீர் சொந்த ஊற்றிலிருந்தா? அப்படியென்றால் பீட் என்ற மக்கிய சதுப்பு மண்ணால் தேநீர் நிறத்தில் வரலாம். நிறம் பிரச்சினையில்லை, சுத்திகரிப்பு உண்டா என்பதே கேள்வி. கழிவறை செப்டிக் டேங்க் என்றால் ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே போடக்கூடாது.

இன்னொன்று, 2022 முதல் அங்கே வீட்டிலுள்ள புகை, வெப்ப அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். சமையலறையில் இருப்பது வெப்ப அலாரம்தான், ஆனால் மிளகாய் தாளித்த புகை கூடத்துக்குப் போனால் வீடே அலறும். கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள்.

வீடு காற்றடிக்கும் முனையில் இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆகஸ்டில் அங்கே மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும். காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. மரத்தடி வீட்டைவிடப் பாறைமேல் வீடு மேல். புல்வெளியில் நடந்து வந்த பிறகு பிள்ளைகளின் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதனால்தான் வருகிறது.

கடல் ஏற்ற வற்ற அட்டவணையைக் கையில் வையுங்கள். பக்கத்திலுள்ள எரைட் தீவுக்குக் கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம். நானும் ஒருமுறை திரும்பும் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டு, முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். பிள்ளைகளோடு அது வேண்டாம். ஆபத்தென்றால் 999 அழைத்து கோஸ்ட்கார்டைக் கேளுங்கள். அங்கே பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது, வீட்டில் தரைவழிப் போன் உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பஃபின் பறவை பார்க்கும் ஆசை இருந்தால் ஆகஸ்ட் தோதுப்படாது. பக்கத்து ஸ்டாஃபா தீவிலிருந்து அவை ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் கடலுக்குப் போய்விடும். மே கடைசி வாரப் பள்ளி அரைப்பருவ விடுமுறைக்கு (ஹாஃப் டெர்ம்) அதே வீடு கிடைக்குமா என்று கேளுங்கள். பஃபின் இருக்கும், மிட்ஜ் அவ்வளவாக இருக்காது.