பாட்டிலில் ஏறியது குளுக்கோஸா, சலைனா?

கேள்வி: வயிற்றுப்போக்கு என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயது 67. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. “குளுக்கோஸ் ஏத்துறாங்களே!” என்று சித்தி பதறிவிட்டார். நர்ஸ், “அது சலைன்மா” என்றார். சலைன் என்றால் என்ன டாக்டர்? அதனால் சர்க்கரை கூடுமா?

பதில்: கூடாதம்மா. சலைனில் சர்க்கரையே கிடையாது. தண்ணீரும் உப்பும் மட்டும்தான். லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. அதே வேரில் வந்த இன்னொரு லத்தீன் சொல்லுக்கு உப்பளம் என்றே பொருள். அந்த வழியில் வந்ததுதான் சலைன். உப்புக்கரைசல் என்று சொன்னால் முடிந்தது. தொங்குகிற எல்லா பாட்டிலையும் ‘குளுக்கோஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் வருகிற குழப்பம் இது.

லேபிளில் ‘சோடியம் குளோரைடு 0.9%’ என்று இருக்கும். அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். உப்பு அதிகமானால் சுருங்கிப்போகும். ஹம்பர்கர் என்ற டச்சு விஞ்ஞானி 1880-களில் சிவப்பணுக்களை வெவ்வேறு உப்புக்கரைசல்களில் போட்டுப் பார்த்துத்தான் இந்த 0.9-க்கு வந்தார். இந்த 0.9% கரைசலை ‘நார்மல்’ சலைன் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லாத பெயர் அது. வேதியியல் கணக்குப்படி நார்மல் கரைசலில் லிட்டருக்கு 58.5 கிராம் உப்பு இருக்க வேண்டும். ரத்தத்தோடு ஒப்பிட்டாலும் இதில் குளோரைடு அதிகம். ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் கவனிப்பது சர்க்கரையை அல்ல, உப்பை. அரை லிட்டர் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேதியில் உப்பையும் நீரையும் இழந்தவருக்கு அது தேவைதான். ஆனால் இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர் என்றால் பாட்டில் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். காலில் வீக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ‘டி.என்.எஸ்.’ என்று எழுதியிருந்தால் அது வேறு: உப்போடு, அரை லிட்டரில் 25 கிராம் குளுக்கோஸும் சேர்ந்தது. அப்போது சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி. அதில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். லிட்டருக்கு 13.5 கிராம்தான், அது இருந்தால்தான் குடல் உப்பை நன்றாக உள்ளே இழுக்கும். பேதி நிற்கும்வரை கொடுங்கள், சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.