அரண்மனையும் செட்டியார் வீடும் – கடிதம்

வணக்கம் சார்,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். லீவுக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு வீடுகள் எல்லாம் காட்டியாயிற்று. நிஜ ராஜா வாழ்ந்த அரண்மனை பார்க்கணும் என்று பிள்ளைகள் கேட்டதால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப்போனேன். போன சுருக்கில் வெளியே வந்துவிட்டார்கள். "நாலு வாள், நாலு ஈட்டி. இதைவிட உங்க பக்கத்துச் செட்டியார் வீட்டு வளவு (உள்முற்றம்) பெரிசு" என்று நாத்தனார் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரண்மனையை மியூசியமாக்கினால் இப்படித்தான் ஆகுமா? அடுத்த தடவை பேசாமல் மைசூருக்கே கூட்டிப்போய்விடவா?

க., தேவகோட்டை

அன்புள்ள க.,

தாராளமாக மைசூருக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் நாத்தனாருக்குக் கட்டாயம் பிடிக்கும். பழைய மர அரண்மனை 1897-இல் தீப்பிடித்து எரிந்த பிறகு, ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1912-இல் கட்டி முடித்ததுதான் இப்போது நாம் பார்க்கிற மைசூர் அரண்மனை. கானாடுகாத்தானில் பெரிய பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம். மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்து இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. செட்டியார் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்தன. ராஜாவும் செட்டியாரும் உலகச் சந்தையில் சாமான் வாங்கிய காலம் அது. ஆத்தங்குடியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மைசூர் உடனே பிடிபட்டுவிடும்.

ராமலிங்க விலாசம் இதற்கெல்லாம் ஏறக்குறைய இருநூறு வருஷம் மூத்தது. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். அவர் இறந்தது 1710-இல். நீள அகலத்தில் வளவோடு போட்டி போட்டால் அது தோற்கத்தான் செய்யும். நாத்தனார் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

உள்ளே போனதும் எல்லோருக்கும் கால் தானாகக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போய்விடுகிறது. வாளையும் ஈட்டியையும் எந்த ஊர் மியூசியத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இங்கே சுவரைப் பார்க்க வேண்டும். ராமாயணம், பாகவதம் இருக்கின்றன. அதெல்லாம் கோயிலிலும் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே அன்றைய அரசியலையும் தீட்டி வைத்திருக்கிறார்கள். கிழவனுக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதிதான் அதில் நாயகர். மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு மரியாதை செய்கிறார். தஞ்சாவூர் மராத்தியரோடு சண்டை நடக்கிறது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் தர்பாருக்கு வந்திருக்கிறார்கள். படங்களோடு தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறது. பழைய எழுத்து, புள்ளி இருக்காது. கொஞ்சம் பொறுமையாகக் கூட்டி வாசித்தால் பிள்ளைகளே படித்துவிடுவார்கள். மாடி அறையில் ராஜாவின் அந்தரங்க வாழ்க்கையும் உண்டு. அங்கே பிள்ளைகளை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது உங்கள் பாடு.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? கட்டட அமைப்பே கோயில் மாதிரிதான். மகாமண்டபம், அர்த்தமண்டபம் என்று படிப்படியாக உள்ளே போய், மூலஸ்தானம் இருக்க வேண்டிய இடத்தில் ராமர் பீடம். சேதுவுக்கும் ராமேசுவரத்துக்கும் காவலர் என்பதுதான் சேதுபதி வம்சத்தின் பெருமை. அதைக் கட்டடமாகவே எழுப்பிவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் தர்பாருக்கு வந்து நிற்கும் அந்தப் படத்துக்கு மட்டும் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம். ஏனென்றால் 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது இதே விலாசத்தில்தான். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் கலெக்டர், நிறுத்திவைக்கப்பட்டவர் பாளையக்காரர். பேச்சு கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1795-இல், முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்துச் சிறையில் போட்டுவிட்டது. சுவரில் கை கட்டி வந்த கூட்டம் எண்பது வருஷத்துக்குள் அந்த இடத்தையே எடுத்துக்கொண்டது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருந்தால் வாள் பெட்டியை யார் பார்த்திருக்கப்போகிறார்கள்!

வீட்டு அளவுக்கு வருவோம். பின்னால் ஜமீனாகச் சுருங்கிய ராமநாதபுரம் கடனில் தத்தளித்தது. விவேகானந்தர் சிகாகோ போக உதவிய பாஸ்கர சேதுபதியின் கடன்கள் ஊரறிந்தவை. ஜமீன்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும், அதாவது உங்கள் பக்கத்துச் செட்டியார்களும், உண்டு. கடன் வாங்கியவர் வீட்டையும் கொடுத்தவர் வீட்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிசு என்று கேட்டால் பதில் வேறு எப்படி வரும்? நீங்கள் வெளியே நின்று காட்டிய கானாடுகாத்தான் அரண்மனையின் சொந்தக்காரருக்கு 'ராஜா' பட்டமே 1929-இல் வெள்ளைக்கார அரசு கொடுத்ததுதான். இதை நாத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு சாயங்காலப் பேச்சுக்குக் காணும்.

மியூசியமாக்கினால் கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கெடும். குடியிருந்த வாசனை போய்விடும், பலகையில் இரண்டு வரி எழுதி மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் மியூசியமாகாத வீடுகளின் கதியைப் பார்க்க நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்க முடியாமல் பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனை! அப்புறம் ஒருநாள் பிரித்து விற்றுவிட, தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை பேசப்படும். சேதுபதியின் சுவருக்கு அந்தக் கதி வரவில்லை. அந்தமட்டில் தொல்லியல் துறைக்கு நான் நன்றி சொல்வேன்.

மைசூருக்கு டிக்கெட் போடுவதானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இருக்கிற மாதிரி போடுங்கள், அன்றைக்கு அரண்மனை முழுக்க விளக்கு போடுவார்கள். பக்கத்திலேயே இன்னொரு அரண்மனை வேண்டுமென்றால் புதுக்கோட்டை இருக்கிறது. தொண்டைமான்களின் புது அரண்மனைதான் இன்று கலெக்டர் ஆபீஸ். வெளியிலிருந்து பார்க்கவே நன்றாக இருக்கும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மனு கொடுக்கிற கூட்டத்தில் காரை நிறுத்த இடம் கிடைக்காது.