பல வருடம் கழித்து மறுபடி மீன் தொட்டி வைக்கப் போகிறேன். பழைய அனுபவம் கைகொடுக்குமா?

பள்ளிக்கூட நாளில் மீன் வளர்த்துவிட்டு, வேலை, கல்யாணம், வாடகை வீடு என்று விட்டுப்போய், இப்போது சென்னையில் சொந்த வீட்டுக்கு வந்ததும் பரணில் கிடக்கும் இரண்டடித் தொட்டியை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே பாதையில் திரும்பி வந்தவன்தான். பழைய அனுபவம் பாதி கைகொடுக்கும். எந்த மீன் சோர்ந்திருக்கிறது, எது சண்டைக்காரன் என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இன்னும் இருக்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அன்றைக்குப் பழகியதில் பெரும்பகுதியை மறந்துவிடுவது நல்லது.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் யார் வீட்டுத் தொட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடியில் அண்டர் கிராவல் ஃபில்டர் (கல்லுக்குக் கீழே தண்ணீரை இழுத்து வடிகட்டும் தட்டு), மேலே நீலக் கல், வாயைத் திறந்து குமிழி விடும் பொம்மை, மூடியில் டியூப் லைட். மாதத்தில் ஒரு ஞாயிறு மீனையெல்லாம் பக்கெட்டில் மாற்றிவிட்டு, கல்லை அரிசி களைவது மாதிரி களைந்து, கண்ணாடியைத் தேய்த்து, முழுக்கப் புதுத் தண்ணீர் ஊற்றுவோம். தொட்டி பளபளவென்று இருக்கும். அடுத்த சில நாளில் ஒரு மோலி செத்து மிதக்கும். வீட்டில் கண் பட்டுவிட்டது என்பார்கள், கடைக்காரர் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைக் கொடுத்து அனுப்புவார்.

அது கண்ணும் இல்லை, நோயும் இல்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவு மீறாதவரை தாங்கும். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவி வாசலில் ஊற்றியது அதைத்தான்.

அப்படியும் அந்தத் தொட்டிகள் எப்படித் தப்பின என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கையில் காசு இல்லை, அவ்வளவுதான். ஒரு ஜோடி பிளாக் மோலி வாங்கினால் அடுத்த ஜோடிக்கு யாராவது மாமா ஊரிலிருந்து வந்து காசு கொடுக்க வேண்டும். மீன் மெதுவாகக் கூடியது, பாக்டீரியாவும் கூடவே பெருகியது. இன்றைக்கு நிலைமை வேறு. சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு ஒரு நடை போனால் மூன்றடித் தொட்டி, ஸ்டாண்டு, எல்இடி விளக்கு, ஃபில்டர், கூடவே இருபது முப்பது மீன் என்று எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி வந்துவிடலாம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சிறுவயதில் நம்மைவிட நன்றாக மீன் வளர்த்தவர் அவர். திரும்பி வருகிறவர்களுக்கு ஆபத்து அறியாமையைவிட சம்பளத்தால்தான் அதிகம் வருகிறது என்பது என் கட்சி.

அதனால் முதல் முறை கொளத்தூர் போகும்போது மீன் வாங்காதீர்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கு ஏர் பம்ப், தண்ணீரிலுள்ள குளோரினை முறிக்க ஒரு பாட்டில் ஆன்டி குளோரின், அமோனியா, நைட்ரைட் அளவை அறிய சொட்டு மருந்து மாதிரி விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட், கொஞ்சம் செடி, இவை போதும். டெஸ்ட் கிட் விலையைப் பார்த்து யோசிப்பீர்கள். விளக்கில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். வீட்டில் தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இருப்பதாக நினைத்துத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். பொதுவாக 4 முதல் 6 வாரம். நண்பர் யாரிடமாவது நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அவருடைய பழைய அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள், பாதி நாள் மிச்சமாகும். காலித் தொட்டிக்குத் தீனி போடுவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதில் சென்னைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நான் வளர்ந்தது திருச்சியில், காவிரித் தண்ணீர். இப்போது இருப்பது மேடவாக்கம், போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளைப் படிவு விழும் ரகம். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அதில் ஒன்றுதான் கடும் விஷம். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஒரு புள்ளி ஏறினால் அந்த விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும், வெப்பம் ஏறினாலும் கூடும். பிஎச் 8, தண்ணீர் 30 டிகிரி என்பது இங்கே சாதாரணம். திருச்சியில் மீன் தாங்கிய அதே அளவு அமோனியா இங்கே கொன்றுவிடும்.

இதற்காக ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், உப்பே இல்லாத தண்ணீரில் பிஎச் நிலையாக நிற்காது. தண்ணீரை மாற்றுவதைவிட அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் எல்லாம் கடினத் தண்ணீரில் குஷியாக இருக்கும், குட்டி போட்டு உங்களைத் திணறடிக்கும். ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன், முரட்டு ஜாதி, முதலில் விட ஏற்றது. நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்தது, 30 டிகிரியும் போர் தண்ணீரும் அதற்குத் தண்டனை. கோல்டு ஃபிஷ் இரண்டடியில் வேண்டவே வேண்டாம். நன்றாக வளர்ந்தால் சாண் நீளத்தைத் தாண்டும், கழிவும் அதிகம்.

அப்புறம் அந்த சக்கர் மீன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் கொடுப்பார்கள், அது ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்ததும் பாவம் என்று ஏரியில் விட்டவர்களின் புண்ணியத்தில் இன்று நம்மூர் நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத எந்தத் தொட்டி மீனையும் குளத்தில் விடாதீர்கள், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

செடி வைத்த தொட்டிகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் தகாஷி அமானோ தொடங்கிவைத்த மோகம் அது. அவர் 2015-இல் இறந்துவிட்டார், மோகம் இன்னும் குறையவில்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். இப்போதைக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் நூலால் கட்டுங்கள், தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். வாலிஸ்னேரியா நம் போர் தண்ணீரிலும் புல் மாதிரி படரும்.

பராமரிப்பு அன்றைக்கு இருந்ததைவிடச் சுலபம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் கலந்த புதுத் தண்ணீர் விடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் காட்டாமல், எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். மே மாதத்தில் மூடியைத் திறந்து, மேல்பரப்பில் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் பரண் தொட்டி. பல வருடம் காய்ந்து கிடந்த சிலிகானை நம்பி ஹாலில் வைக்காதீர்கள். இரண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி என்றால் 56 லிட்டர் பிடிக்கும், கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 70 கிலோவுக்கு மேல். மொட்டை மாடியில் நிழலில், சமதளத்தில் தெர்மாகோல் போட்டு வைத்து, நிரப்பி ஒரு வாரம் பாருங்கள். கசிந்தால் மேலே புது சிலிகான் பூசிப் பயனில்லை, பழையதன்மேல் புதியது சரியாக ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும், அதுவும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானாகப் பார்த்து. அவ்வளவு பொறுமை இல்லை என்றால் புதுத் தொட்டியே வாங்கிவிடுங்கள். பழையதில் மண் போட்டுக் கொத்தமல்லி வளர்க்கலாம்.