கேட்டையா, மூலமா? இரண்டு பஞ்சாங்கம் இரண்டு நட்சத்திரம் சொன்னால் எதை எடுப்பது?

போன வாரம் பிறந்த உங்கள் மகளுக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தில் கேட்டை நாலாம் பாதம், திருக்கணிதத்தில் மூலம் முதல் பாதம் வருகிறது, "பெண் மூலம் நிர்மூலம்" என்று வீட்டில் கலங்கிப்போயிருக்கிறார்கள், எதை எடுத்துக்கொள்வது, என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாழ்த்துகள். பிள்ளை பிறந்த வீட்டில் இந்தக் கலக்கம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அக்காவும் மூல நட்சத்திரம்தான்.

ஜன்ம நட்சத்திரம் என்பது குழந்தை பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம், அவ்வளவுதான். சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர 27 நாளும் ஏழே முக்கால் மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 சம பங்காக்கினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. அதை நாலாக்கினால் ஒரு பாதம். ஆக, நட்சத்திரம் என்று ஜோதிடத்தில் சொல்வது ஒரு புள்ளியை அல்ல, ஒரு நீளத்தை. ஆடி மாத இரவில் எட்டு மணி வாக்கில் மொட்டை மாடியில் தெற்கே பாருங்கள். தேள் உருவம் தெளிவாகத் தெரியும். நடுவில் சிவப்பாக இருப்பது கேட்டை, கொக்கி மாதிரி வளைந்த வால் மூலம். ஆனால் சமபங்குக் கணக்கைப் போட்டால் அந்தச் சிவப்பு நட்சத்திரமே அனுஷத்தின் கடைசிப் பகுதியில்தான் விழுகிறது. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரம் வேறு, கணக்கில் வரும் எல்லை வேறு என்பதை இதை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

சரி, இரண்டு பஞ்சாங்கமும் ஏன் முரண்படுகின்றன? சந்திரனின் வேகம் சீரானதில்லை. ஒரு நட்சத்திரத்தை ஒரு சமயம் 21 மணி நேரத்தில் கடக்கும், இன்னொரு சமயம் 26 மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். வாக்கியக் கணிதம் இதை 248 வாக்கியங்களில் அடக்கியிருக்கிறது. வரருசி என்ற பழங்காலக் கணித அறிஞர் பெயரில் வழங்கும் அந்த வாக்கியங்களில் எழுத்துகளே எண்கள், மனப்பாடம் செய்துவிட்டால் போதும். 1825இல் பாண்டிச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, எதையும் எழுதாமல் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் என்ற ஐரோப்பியர் பதிவு செய்திருக்கிறார். கிரகணத்தின் நடுநேரம் அரை மணி நேரம்கூடத் தப்பவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்கத்தில் இவ்வளவு நன்றாக ஒத்துப்போகும் அந்தக் கணக்கு, அஷ்டமி வாக்கில் சில மணி நேரம் வரை விலகும். திருக்கணிதம் சந்திரன் இன்று உண்மையில் நிற்கும் இடத்தைத் தருகிறது. என் கருத்து இது: திதி, சிராத்தம், கோயில் காரியங்களுக்கு உங்கள் குடும்ப வழக்கப்படியே பாருங்கள். ஜாதகத்தைத் திருக்கணிதத்தில் கணியுங்கள்.

எல்லையில் பிறந்த குழந்தைக்கு எல்லாமே மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். தசை என்பது ஒரு கிரகம் ஆளும் காலம், முதல் தசை ஜன்ம நட்சத்திரத்தைப் பொறுத்தது. கேட்டைக்குப் புதன் தசை 17 வருடம், மூலத்துக்குக் கேது தசை 7 வருடம். கேட்டை முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் பிறந்ததாக வைத்துக்கொண்டால், கர்ப்பச்செல், அதாவது பிறக்கும் முன்பே கழிந்த பங்கு, நீக்கிப் புதன் தசை இருப்பு சுமார் எட்டரை மாதம், அப்புறம் கேது முழுசாக ஏழு வருடம். மூலம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பிறந்ததாக வைத்துக்கொண்டால், கேது தசை இருப்பு 6 வருடம் எட்டரை மாதம். இரண்டிலும் அடுத்து வருவது சுக்கிர தசைதான், ஏறக்குறைய ஒரு வருடம் முன்பின்னாக. ராசி மட்டும் விருச்சிகத்திலிருந்து தனுசுக்கு மாறும்.

இனி அந்தப் பழமொழி. என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது ஜாதக நகல்களின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அப்பா கொடுத்தனுப்புவார். அதில் ஒன்று திரும்பி வந்தபோது பின்பக்கம் பென்சிலில் "மூலம், வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அப்பா அதை அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், தடம் போகவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மூலம் மாமனாருக்கு ஆகாது என்ற ஒரு சொல்லுக்காக மூன்று வருடம் தட்டிப்போனது. கடைசியில் ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவே, "எனக்குத்தானே ஆகாது என்கிறீர்கள்? எனக்குச் சம்மதம், தட்டை மாற்றுங்கள்" என்றார். கல்யாணமாகி 22 வருடமாகிறது. அந்த மாமனாருக்கு இப்போது 84 வயது.

அந்த வரியையே "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாமனார் தோஷத்தை ஏற்கும் ஜோதிடர்களிலும் பலர் முதல் பாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு முதல் பாதம்தானே என்று யாராவது சொன்னால், லக்னத்தையும் குருவையும் பார்க்காமல் ஒரே ஒரு பாதத்தை வைத்துப் பலன் சொல்வது எந்த முறை என்று கேளுங்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அருகில் "நிர்மூலம்" என்ற சொல்லே வர வேண்டாம்.

ஒன்று மட்டும் சரிபாருங்கள். தினசரி காலண்டரில் "கேட்டை காலை இத்தனை மணி வரை, பிறகு மூலம்" என்று இருக்கும். முதலில் இருப்பதை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் உள்ள நேரம் பிரசவ நேரமா, பதிவு செய்த நேரமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் எழுத்துக்கு வருவோம். கேட்டைக்கு நோ, யா, யீ, யூ. மூலத்துக்கு யே, யோ, பா, பி. நாலாம் பாதத்துக்கு யூ, முதல் பாதத்துக்கு யே என்பதால் பாத எழுத்தைக் கறாராகப் பிடித்தால் பெயர் கிடைப்பது கஷ்டம். ய வரிசை போதும் என்று வீட்டில் ஒப்புக்கொண்டால், யாழினி நல்ல பெயர்.