மாமா போடும் டிக்கெட்டும் தாண்டிக்குடிப் பெண்ணின் கணக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை தாண்டிக்குடியிலிருந்து ஒரு குடும்பம் படிப்புக்கு யோசனை கேட்க என்னைத் தேடி வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ எழுதி முடித்த பெண். மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை. நான் அறையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகம், பெண்ணின் பாஸ்போர்ட் விண்ணப்பம், தோட்டத்துப் பட்டாவின் நகல்.

விஷயம் இதுதான். பெண்ணின் தாய்மாமன் துபாயில் இருக்கிறார். பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணத்துக்கு அடியில் இருக்கும் 'பிளாக்செயின்' நுட்பத்தின் பெயர் சேர்ந்த பி.டெக். படிப்பில் மருமகளைச் சேர்க்க வேண்டும், அதற்கு முன் இந்தக் கோடையிலேயே வெளிநாட்டில் நடக்கும் ஒரு பிளாக்செயின் மாநாட்டைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விமான டிக்கெட்டும் மாநாட்டு டிக்கெட்டும் அவர் செலவு. கல்லூரிச் செலவு அப்பாவுடையது.

"எங்க அண்ணன் சொன்னா மறுபேச்சு கிடையாது சார். இவளுக்குக் காதுகுத்துல இருந்து எல்லாத்துக்கும் அவங்கதான் முன்ன நின்னாங்க" என்றார் அம்மா.

முதல் பத்து நிமிஷம் நானும் தைரியம்தான் சொன்னேன். நல்ல மதிப்பெண் வரும், பயப்படாதீர்கள், பெண் கெட்டிக்காரி என்றெல்லாம். பட்டா நகலைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கல்லூரி சொன்ன கணக்கை அவர்கள் எதிரிலேயே எழுதினேன். வருடத்துக்குப் படிப்புக் கட்டணம் மூன்றரை லட்சம், விடுதியும் சாப்பாடும் ஒன்றேகால் லட்சம். நான்கு வருடத்துக்கு 19 லட்சம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்தை ஈடு கேட்கும். அதற்குத்தான் அந்தப் பட்டா. முழுத் தொகையையும் பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்தாலே மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. படிக்கும் காலத்து வட்டி தனி. காப்பியில் பணம் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவை. மாசி, பங்குனியில் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை தவறினால் அதுவும் பாதி. மாதா மாதம் தவணை கட்டும் வருமானம் இது இல்லை. இதைச் சொல்ல நான் தயங்கவே இல்லை: ஒரு படிப்பின் பெயருக்காக அந்த மூன்று ஏக்கரை ஈடு வைக்கக் கூடாது.

சரி, முதலில் மாநாட்டை எடுத்துக்கொள்வோம். மாமா சொல்வது பொய்யில்லை, அந்த உலகம் கோடையில் திருவிழாக் கோலத்தில்தான் இருக்கிறது. 2025ஐப் பாருங்கள். மே மாதம் டொராண்டோவில் கன்சென்சஸ் என்ற மாநாடு, அதே மாதக் கடைசியில் லாஸ் வேகஸில் பிட்காயின் மாநாடு, ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை பிரான்ஸின் கான் நகரில் பிட்காயினைப் போல இன்னொரு பெரிய பிளாக்செயினான எத்தீரியத்தின் சமூகம் நடத்தும் எத்சிசி. இந்தக் கோடைக்கும் பட்டியல்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே பலன் யாருக்கு என்றால், ஏற்கெனவே எதையாவது செய்துவிட்டு, அதைக் காட்டவோ அதில் வந்த சிக்கலைக் கேட்கவோ போகிறவர்களுக்கு. அவர்களுக்கு நடைபாதையில் நின்று பேசும் பத்து நிமிஷம் பொன்னானது. இன்னும் ஒரு வரி நிரல்கூட எழுதாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது கழுத்தில் தொங்கும் அட்டையும் நான்கு போட்டோவும்தான். மேடைப் பேச்சுகளைக் கேட்கத்தான் போவது என்றால் அவற்றில் பெரும்பகுதி பதிவாகி யூடியூபில் இலவசமாக வந்துவிடுகிறது. எத்தீரியத்தின் பெரிய மாநாடான டெவ்கானுக்குப் பழைய உரைகளின் காப்பகமே இணையத்தில் திறந்து கிடக்கிறது. அதுவும் தவிர, ஐரோப்பாவின் ஜூன், ஜூலை என்பது நமக்குக் கல்லூரிச் சேர்க்கைக் காலம். சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய வாரங்களில் பிள்ளை கடல் தாண்டி இருக்கக் கூடாது.

அடுத்து அந்தப் படிப்பு. 2021ல் இந்தப் பெயரில் சேர்ந்த ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். அப்போது எத்தீரியம் மின்சாரத்தைக் கொட்டிக் கணினிகளைப் போட்டிபோட்டுக் கணக்கிட வைக்கும் மைனிங் முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டாம் ஆண்டில் நுழைந்த சமயம், 2022 செப்டம்பர் 15 அன்று, அந்த முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே வருடம் மே மாதம் டெர்ரா என்ற டிஜிட்டல் நாணயம் சரிந்தது, நவம்பரில் அத்தகைய நாணயங்களை வாங்கி விற்கும் எஃப்டிஎக்ஸ் சந்தை திவாலானது. சரக்குக் கப்பல் உலகத்துக்கென்று கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை மூடப்போவதாகவும் அந்த நவம்பரிலேயே அறிவித்தார்கள். ஒரு பாடத்திட்டக் குழு கூடி, எழுதி, ஒப்புதல் வாங்கி, ஆசிரியரைத் தேடிப் பிடிப்பதற்குள் துறை இப்படிப் புரண்டு படுத்துவிடுகிறது. பிளாக்செயின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசே 2020ல் அதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டு, தன் பிளாக்செயின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று அழகான பெயரும் வைத்திருக்கிறது. இன்றைக்கு ஒரு கருவியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நான்கு வருடப் பட்டமாக, அதுவும் 19 லட்சத்துக்கு வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவு நேரமும் பெண் வாயைத் திறக்கவில்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். பதில் வரவில்லை. போனை எடுத்து எதை அடித்தாலும் ஒரே நீளக் குறியீடாக மாற்றும் ஷா-256 என்ற முறையைக் கணக்கிடும் பக்கம் ஒன்றைத் திறந்து, அவளுடைய பெயரை அடிக்கச் சொன்னேன். எழுத்தும் எண்ணுமாக 64 இடங்கள் கொண்ட ஒரு நீள வரி வந்தது. அது அந்தப் பெயரின் கைரேகை மாதிரி. பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றச் சொன்னேன். மொத்த வரியும் மாறிவிட்டது.

அப்பாவுக்குத் தோட்டத்துக் கணக்கு நோட்டை வைத்துச் சொன்னேன். "அண்ணே, நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தின பக்கத்தின் கைரேகையை எழுதி வைக்கிறோம். அந்த நோட்டின் நகல் ஊரில் நூறு பேரிடம் இருக்கிறது. இடையில் ஒரு பக்கத்தில் எவனாவது எடையைத் திருத்தினால் அதற்குப் பின்னால் எல்லாப் பக்கமும் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்." காப்பி வாரியமே 2019 மார்ச்சில் பிளாக்செயின் வழியாகக் காப்பி விற்கும் சந்தை ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அரபிகாவோட ரொபஸ்டாவைக் கலந்து மூட்டை போட்டு, அரபிகான்னே பதிஞ்சா?" என்று கேட்டார். சரியான கேள்வி. அந்தப் பொய்யையும் அது அழியாமல் காப்பாற்றும். மூட்டையைத் திறந்து பார்க்கும் ஆள் எப்போதும் வேண்டும்.

அப்போதுதான் பெண் பேசினாள். "சார், பேரு எத்தனை வேணும்னாலும் இருக்கலாம். இந்த வரி 64 இடத்துக்குள்ளதானே? அப்போ ரெண்டு பேருக்கு ஒரே வரி வந்துதானே ஆகணும்?"

நான் அப்படியே அசந்துபோனேன். கூடுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஏதாவது ஒரு கூட்டில் இரண்டு புறா இருந்தே ஆக வேண்டும் என்ற புறாக்கூட்டுத் தத்துவத்தை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே தொட்டிருந்தாள். ஆமாம், கணக்குப்படி அப்படி இரண்டு இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஷா-256ல் அப்படி ஒரு ஜோடியை இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை. ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அந்தத் துறையின் உயிர். இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையின் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை. இவள் பி.எஸ்சி. கணிதம் படிக்க வேண்டும்.

அம்மாவின் முகம் வாடியது. "அதைப் படிச்சா டீச்சர் வேலைதானே சார்?" இந்த ஒரு வாக்கியம் நம் மலைக்கிராமங்களில் எத்தனை நல்ல மூளைகளைத் திசைதிருப்பியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆசிரியர் வேலை உயர்ந்த வேலைதான். ஆனால் கணிதம் அங்கே முடிந்துவிடுவதில்லை.

பி.எஸ்சி. கணிதத்தில் முழு எண்களின் இயல்பை ஆராயும் எண்ணியல் வரும். ஃபெர்மா 1640ல் எழுதிய சிறிய தேற்றம் அதில் உண்டு. 1977ல் வந்த, தகவலை ரகசியமாக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு அந்தத் தேற்றத்தின் மேல் நிற்கிறது. இயற்கணிதத்தில் குலங்கள், களங்கள் என்ற கணித அமைப்புகள் வரும். பிட்காயினில் பணம் யாருடையது என்று உறுதிசெய்யும் கையொப்பம், முடிவுள்ள களத்தின் மேல் வரையும் நீள்வட்ட வளைகோடுகளைக் கொண்டது. அந்த வளைகோடுகளை மறையீட்டுக்கு, அதாவது தகவலைப் பூட்டிக் காக்கும் கலைக்கு, பயன்படுத்தலாம் என்று 1985ல் சொன்ன கோப்லிட்ஸ், மில்லர் இருவருமே கணிதம் படித்தவர்கள். நாளைக்குக் குவாண்டம் கணினி வந்து இந்தப் பூட்டுகளை உடைத்துவிடும் என்ற பயத்தில் அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் புதுப் பூட்டுகளுக்கான தரங்களை வெளியிட்டது. அவற்றில் முக்கியமானவற்றுக்கு அடிப்படை நேரியல் இயற்கணிதத்தோடு ஒட்டிய ஒரு கிளை. கருவி ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாறும். பதினேழாம் நூற்றாண்டுத் தேற்றம் அப்படியே இருக்கிறது.

எங்கே படிப்பது? திண்டுக்கல்லில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது, அதற்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் உங்கள் தோட்டத்து மிளகில் ஒரு சின்ன மூட்டையைத் தாண்டாது. இவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் இவள் கணக்குக்கே வரும். விடுதிக்கு மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

கூடவே என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி கரக்பூர் நடத்தும் பிளாக்செயின் பாடம் இருக்கிறது. பன்னிரண்டு வாரம், கேட்பதற்குக் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், நான் கடைசியாகப் பார்த்தபோது ஆயிரம் ரூபாய். அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழி பழக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. கணிதம் மட்டும் தெரிந்து நிரல் எழுதத் தெரியாமல் வெளியே வந்தால் இந்தத் துறையில் கதவு திறக்காது.

இப்போது கோடை. மாமாவின் மனசில் இருப்பது கோடைத் திருவிழா என்றால், இவளுக்கு நான் இரண்டு கோடைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993ல் தொடங்கியது. தேசிய உயர்கணித வாரியத்தின் ஆதரவில் வளர்ந்தது. கோடை விடுமுறையில் சில வாரங்கள், நாட்டின் பல ஊர்களிலிருந்து வரும் மாணவர்களோடு தங்கிப் படிக்க வேண்டும். அங்கே ஆசிரியர் தேற்றத்தை எழுதிப் போட்டுவிட்டுப் போவதில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு மாணவர் வாயிலிருந்தே நிரூபணத்தை வரவழைப்பார்கள். புறாக்கூட்டை அவளாகவே கண்டுபிடித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, பதினெட்டு வயதான பின், கூகுள் சம்மர் ஆஃப் கோட். 2005லிருந்து நடக்கிறது. மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறமூல மென்பொருள் அமைப்புகளில் ஒரு வழிகாட்டியின் கீழ் சில மாதங்கள் வீட்டிலிருந்தே வேலை. எந்தக் கல்லூரி என்பதை வைத்து எடுப்பதில்லை. என்ன செய்யப்போகிறாய் என்று எழுதிக் கொடுக்கும் திட்டத்தையும், அதற்கு முன் அந்த அமைப்புக்கு என்ன செய்துகொடுத்தாய் என்பதையும் பார்ப்பார்கள். உதவித்தொகையும் உண்டு. பிட்காயின் பக்கம் மட்டும் வேண்டுமென்றால், கல்லூரி மாணவர்களுக்கென்றே சம்மர் ஆஃப் பிட்காயின் 2021லிருந்து இருக்கிறது. விண்ணப்பம் கோடைக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு அமைப்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தித் தர ஆரம்பிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வழி விரிகிறது. ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம், அல்லது எம்.சி.ஏ. மறையீட்டு ஆராய்ச்சிக்கென்றே சென்னையில் செட்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் கீழ். திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை பெற்றோருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு முடிந்தவுடன் கல்லூரி வாசலிலேயே பெரிய சம்பளத்தோடு வேலை வருவது அரிது. பொறியியல் படித்த சொந்தக்காரப் பையன் அந்த வருடம் சம்பளம் வாங்குவான், இவள் மேலே படித்துக்கொண்டிருப்பாள். கல்யாண வீட்டில் கேட்பார்கள். அந்த இரண்டு வருடத்தைத் தாங்குவது அப்பா, அம்மாவின் வேலை. கடன் இல்லாவிட்டால் தாங்கலாம்.

மாநாட்டை அவள் பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. டெவ்கானை 2026 கடைசியில் மும்பையில் நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். ரயிலில் போய்வரும் தூரம். அதற்குள் அந்தப் பன்னிரண்டு வாரப் பாடத்தை முடித்து, நோட்டில் பத்துக் கேள்வி எழுதி வைத்திருந்தால் போகலாம். இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது சார்?" நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன். அன்று ராத்திரியே பேசினேன். அவர் அரைமணி நேரம் வாதாடினார், அதில் பாதி அக்கறை. கடைசியில், "சரி சார், மருமகளுக்கு நான் ஒண்ணுமே செய்யக் கூடாதா?" என்று கேட்டார். டிக்கெட் பணத்தில் 16 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப்பும், வீட்டுக்கு இணைய இணைப்பு வருமென்றால் மூன்று வருடத்துக்கு அதன் கட்டணமும் போதும் என்றேன். தாண்டிக்குடியில் அவர்கள் வீட்டுத் தெருவரை கேபிள் வந்திருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகப் பெண்ணின் அப்பா சொல்லியிருக்கிறார்.