முதல் தனிப்பயணம்: மாலை நேரங்களை என்ன செய்வது?

வணக்கம். ஆறு நாள் பயணத்துக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் திட்டம் போட்டுவிட்டதாகவும், ஆயினும் இருட்டிய பிறகு தனியாக என்ன செய்வது என்ற கலக்கம் போகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கலக்கத்துக்குத் திட்டத்தின் நெருக்கடியே பாதிக் காரணம் என்பது என் எண்ணம். பகல் முழுவதும் அலைந்து களைத்தவருக்கு மாலையில் அறையை விட்டு வெளியே இறங்க மனம் வராது.

ஆகவே நாளொன்றுக்கு ஓர் இடத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு, அதையும் காலையிலேயே பார்த்து முடித்து, பிற்பகலில் ஓய்வெடுங்கள். வழிகாட்டியுடன் சிறு குழுவாக நடக்கும் நகர உலா முதல் மாலைக்கு மிகவும் ஏற்றது: தெருக்கள் பிடிபட்டுவிடும், பேச்சுத் துணையும் கிடைக்கும், மறுநாள் எங்கே போகலாம் என்று கேட்க ஊர் தெரிந்த ஒருவரும் அறிமுகமாகிவிடுவார். தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருந்தால், கூட்டம் சேர்வதற்கு முன்பே சென்று, சமையலறையைப் பார்த்தபடி நீள் மேசை இருக்குமானால் அங்கே அமருங்கள். எதிரே காலி நாற்காலி இல்லாததே பெரிய ஆறுதல்.

ஊர் போய்ச் சேரும் நேரம் பகலாக இருக்கட்டும். வரைபடத்தை இணையமின்றி இயங்கும்படி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். விமானப் பயணம் என்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் கவனியுங்கள்.

நான்காம் நாளை முழுவதுமாகக் காலியாக விடுங்கள். மனத்துக்குப் பிடித்துப்போன இடத்துக்கு, யாரிடமும் காரணம் சொல்லாமல் மறுபடி செல்வதற்கு அந்த நாள் உங்களுக்குத் தேவைப்படும்.